மெஷினுக்குப் பின்னால் குமார்

பேண்ட்சா மெஷின் வைத்திருப்பவனுக்கு உலகத்தில் இரண்டே வகை மரம்தான்: உள்ளே ஆணி இருக்கிற மரம், ஆணி இருப்பது இன்னும் தெரியாத மரம்.

இதைப் படிக்கிறவர்களில் செகண்ட் ஹேண்டில் எதையாவது வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். கிரைண்டரோ, டிராக்டரோ, பழைய காரோ, எதுவாக இருந்தாலும் சரி, நீங்கள் எல்லாம் என் சொந்தக்காரர்கள். என்னுடையது பேண்ட்சா, மரம் அறுக்கிற மெஷின். சாதாரண மரம் அறுக்கும் மில் ஒரு கொட்டகைக்குள் அசையாமல் நிற்கும். மரம்தான் அதைத் தேடிப் போகவேண்டும். இதற்கு டயர் உண்டு. என் ஓட்டை ஜீப்புக்குப் பின்னால் கட்டி, மரம் விழுந்து கிடக்கிற நிலத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விடலாம். பதினாலு அடிக்கு இரண்டு தண்டவாளம், அதன்மேல் நகருகிற ஒரு பெட்ரோல் இன்ஜின், இன்ஜினோடு சேர்ந்த இரண்டு சக்கரம், அந்தச் சக்கரங்களைச் சுற்றி நாடா மாதிரி ஓடுகிற பல் வைத்த பிளேடு. கட்டையை நடுவில் படுக்கவைத்து இறுக்கிவிட்டு, இன்ஜினை ஒருவன் தள்ளிக்கொண்டே போகவேண்டும். அறுபட்டு வருகிற பலகையை இன்னொருவன் பின்னாலிருந்து பிடித்து இறக்கவேண்டும். ஆக, இது ரெண்டு ஆள் மெஷின். நான் ஒரு ஆள். இனிமேல் வருவதெல்லாம் இந்தக் கணக்கு உதைத்த கதைகள்.

மாந்தோப்புக்காரர்

ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருஷம் ஸ்ப்ளிட்டிங் மெஷினில் இருந்தேன். தடித்த தோலை இரண்டு தட்டாக உரித்துத் தருகிற மெஷின் அது. அதிலும் நாடா மாதிரி ஒரு கத்திதான் சுற்றும். முன்னாலிருந்து நான் தோலைக் கொடுப்பேன். பின்னாலிருந்து ரஃபி இழுப்பான். நடுவில் ஆள் உயரத்துக்கு மெஷின் நிற்கும். இருபத்திரண்டு வருஷம் ஒன்றாக வேலை செய்தும், வேலை நேரத்தில் அவன் முகத்தை நான் பார்த்தது கம்மி. ஃபேக்டரியை மூடியபோது இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. "சுத்தற கத்தியத் தவிர நமக்கு வேற இன்னாடா தெரியும், தேவா?" என்று கேட்டான் ரஃபி. அப்படித்தான் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் விலைக்கு வந்த பேண்ட்சாவைப் பார்க்க இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

மெஷின்மேல் கோழிகள் உட்கார்ந்திருந்தன. ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது. "ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆவும்" என்றார் தோப்புக்காரர். பதினேழாவது இழுப்பில் ஆனது. கழற்றி வைத்த பாகங்கள் இரண்டு உர மூட்டை நிறைய இருந்தன. எது எங்கே போகும் என்று கேட்டால் அவர் மூட்டையைத்தான் பார்த்தார். திரும்பிப் போக எத்தனை மணிக்கு பஸ் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். ரஃபி மட்டும் பழக்கதோஷத்தில் நேரே மெஷினுக்குப் பின்பக்கம் போய் நின்று, "இங்க நிக்க எடம் தாராளமா இருக்குதுடா" என்று சந்தோஷப்பட்டான். நீங்கள் ஏன் விற்கிறீர்கள் என்று கடைசியாகக் கேட்டேன். தோப்புக்காரர் சொன்னார்: "நான் ஒண்டி ஆளு, அதான் விக்கிறேன். நீங்கதான் ரெண்டு பேரு இருக்கீங்களே, உங்களுக்கு இன்னா பயம்?"

பல் இல்லாத கத்தி

மெஷின் வந்த பதினோராம் நாள் ரஃபிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சில் பாதி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்த பிறகு, நான் மாதனூரில் என் கொட்டகைக்குத் திரும்பி அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். வீட்டிலும் நான் ஒருவன்தான். மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. மகள் ஓசூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். மெஷினை விற்றுவிடலாம். ஆனால் விற்றால், உன் இடம் இனிமேல் இல்லை என்று ரஃபியிடம் போய்ச் சொன்ன மாதிரி ஆகும். அது என்னால் முடியாது. அதனால் ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயிக்கு ஒப்புக்கொண்டிருந்த வேப்பமரத்தை அறுக்க நான் மட்டும் போனேன்.

செங்கல் அடுக்கி, டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்துத் தண்டவாளத்தை உட்காரவைக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. தோலில் நாங்கள் மில்லிமீட்டரில் பாதிக்குச் சண்டை போட்டவர்கள். எனக்கு நூல் அளவு வித்தியாசம் இருந்தாலும் கை வராது. விவசாயி மூன்று முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒருவழியாக இன்ஜினைக் கிளப்பித் தள்ளினால், பிளேடு மரத்துக்குள் போகமாட்டேன் என்கிறது. பலத்தைப் போட்டுத் தள்ளினேன். புகை வந்தது. இன்னும் தள்ளினேன். வேப்பமரம் அடுப்பில் வைத்தமாதிரி கருகி நாறியது. நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது: பிளேடின் பற்கள் எல்லாம் அது ஓடுகிற திசைக்கு எதிராகப் பார்த்துக்கொண்டிருந்தன. உள்பக்கம் வெளிப்பக்கமாக மாட்டியிருக்கிறேன். எங்கள் தோல் கத்திக்குப் பல் கிடையாது. எந்தப் பக்கம் சுற்றினாலும் வெட்டும். இருபத்திரண்டு வருஷத்தில் கத்திக்குத் திசை உண்டு என்று யோசிக்கவேண்டிய வேலையே வந்ததில்லை.

பன்னிரண்டு அடிப் பிளேடை உள்ளே வெளியே திருப்புவது இரண்டு பேருக்கு அரை நிமிஷ வேலை. ஒருவன் திருப்பினால் அது துள்ளி எழுந்து முகத்துக்கு வரும். எனக்குக் காதோரம் ஒரு கோடு போட்டுவிட்டது. துண்டால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பினால், விவசாயி கருகின மரத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் கதவுக்குப் பலகை கேட்டேம்பா. நீ இன்னான்னா இஸ்திரிப் பொட்டிக்குக் கரி போட்டுக் குடுக்குற."

குமார் வந்து சேர்ந்தது

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரஃபியைப் பார்க்கப் போவேன். அவன் மனைவியை நான் பாபி என்றுதான் கூப்பிடுவேன். பாபி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்களைப் பேசவிட்டு உள்ளே போய்விடுவார். நாலாவது வாரம் அவன் பேச்சு கொஞ்சம் திருந்தி வந்தது. திருந்தியதும் கேட்ட முதல் கேள்வி, "பின்னாடி யாரு நிக்கிறா?" யாரும் இல்லை, நானே சமாளிக்கிறேன் என்று உண்மையைச் சொன்னேன். அவ்வளவுதான், கட்டிலில் இருந்து எழுந்திருக்கப் பார்த்தான். விழப்போனவனை நானும் பாபியும் பிடித்துப் படுக்கவைத்தோம். அவன் இடது கை என் சட்டையை விடவே இல்லை. அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். வெளியே வந்தபோது பாபி, "அவரைக் கவலைப்பட விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு அண்ணா" என்று மெதுவாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கேள்வி வந்தது. "குமார்னு ஒருத்தன வெச்சிருக்கேன்" என்றேன். வாயில் வந்த பெயர் அது. நம் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் ஒரு குமார் மேல்தான் படும். எந்த ஊர் என்றான். அகரம்சேரி. வயசு? நாற்பது. முன்னாடி இன்னா வேலை? செங்கல் சூளை. கல்யாணம்? ஆச்சு, ரெண்டு பொண்ணு. இவ்வளவு சுலபமாக எனக்குப் பொய் வரும் என்று எனக்கே தெரியாது. ரஃபி ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி எடுத்துச் சொன்னான்: "சோறு எடுத்துக்கினு வர்றானா பாரு. வரலன்னா நீ குடு."

ரெண்டு டம்ளர்

இந்தத் தொழிலில் ஒரு விஷயம் யாரும் முன்கூட்டியே சொல்லமாட்டார்கள். மெஷின் வந்து இறங்கும்போது ஊரே வேடிக்கை பார்க்க நிற்கும். இன்ஜின் கிளம்பி ஐந்து நிமிஷத்தில், சத்தமும் தூளும் தாங்காமல் ஒருத்தர் பாக்கியில்லாமல் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு நீங்களும் மரமும்தான். நான் தள்ளுவேன். பலகை முடிந்ததும் இன்ஜினைத் தணித்துவிட்டு, தண்டவாளத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய் நின்று, பலகையைத் தூக்கி இறக்கி, திரும்ப முன்பக்கம் வந்து அடுத்ததைத் தள்ளுவேன். ஒரு நாளைக்கு நாற்பது பலகை என்றால் நாற்பது முறை நான் எனக்கே எதிரில் போய் நின்றாகவேண்டும். தோல் ஃபேக்டரியில் நாற்றம் இருந்தது, வெக்கை இருந்தது, ஆனால் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் எட்டிப் பார்க்க ஒரு தலை இருந்தது. இங்கே மாமரத்தடியில் உட்கார்ந்து தயிர்சாதத்தைத் தின்றுவிட்டு, மூடியைக் கழுவிக் கவிழ்க்கிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கும்.

குமாரோடு பேச ஆரம்பித்தது அப்படித்தான். முதலில் ஞாயிற்றுக்கிழமை சொல்வதற்கு ஒத்திகை பார்த்தேன். பிறகு ஒத்திகை என்பதே மறந்துவிட்டது. "புடி குமாரு, கணு வருது, மெதுவா." "இன்னா குமாரு, உன் பெரிய பொண்ணு பாஸாயிட்டாளா?" காதில் அடைப்பான் வைத்திருக்கிறவனுக்குத் தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று தெரியாது. குடியாத்தம் ரோட்டில் ஒரு டீச்சரம்மாவின் வீட்டுக் கொல்லையில் பலாமரம் அறுத்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு அவர் தட்டோடு வந்தார். தட்டில் இரண்டு டம்ளர் டீ, நாலு முறுக்கு. நான் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டேன். அவர் தட்டை நீட்டியபடியே அடுக்கின பலகைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். "அவரையும் வரச் சொல்லுங்க சார், காலையிலேந்து நீங்கதான் அதட்டிக்கினு இருக்கீங்க, பாவம், டீ ஆறுது."

புளியமரத்து ஆணி

புது மரம் வந்தால் முதலில் பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றின காந்தத்தை மேலே கீழே ஓட்டிப் பார்ப்பேன். வேலிக் கம்பி, ஊஞ்சல் கொக்கி, தேர்தல் போர்டு மாட்டின ஆணி எல்லாம் அதில் மாட்டும். ஆனால் மரம் வளரும்போது விழுங்கிவிட்ட ஆணி காந்தத்துக்குச் சிக்காது. பள்ளிகொண்டாவுக்கு உள்ளே ஒரு நிலத்தில் காற்றில் சாய்ந்த புளியமரம். மூன்றாவது பலகையில் கிறீச் என்று ஒரு சத்தம், ஒரு பொறி, பிளேடு இரண்டாகத் தெறித்து விழுந்தது. நல்ல பிளேடு, அன்றைக்குக் காலையில்தான் சாணை பிடித்து மாட்டியது. மரத்தையும், ஆணியையும், அதை அடித்தவனையும், அவன் வம்சத்தையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே உளியால் கொத்தினேன். துருப்பிடித்த ஆணி ஒன்று வந்தது. அதன் கழுத்தில் ஒரு கற்றை முடி சுற்றியிருந்தது. பேய் பிடித்தது என்று சொல்லி, உச்சி முடியைப் பிடுங்கி மரத்தில் வைத்து அடித்துவிடுவார்களே, அது.

சத்தம் நின்றதால் நிலத்துக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர் ஆணியைப் பார்த்ததும், "தூக்கிப் போடுப்பா அத" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தம்மா கையை நீட்டினார். ஐம்பது வயசு இருக்கும். "எனக்குத்தான் அடிச்சாங்க" என்றார். "கல்யாணமாயி வந்த புதுசுல. யாருகூடயும் பேசமாட்டேன்னு சொல்லி." நான் ஆணியைக் கொடுத்தேன். புருஷன்காரர் தண்ணீர் பாய்கிறதா பார்க்கிற சாக்கில் வரப்பில் இறங்கிப் போய்விட்டார். பிளேடு உடைந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தம்மா ஆணியை உள்ளங்கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இவ்ளோ சின்னதா? இதுக்கா இருபத்தெட்டு வருஷம் நான் இந்தப் பக்கம் வராம சுத்திப் போனேன்?"

லாங் பஜாரில் ஒரு பெல்ட்

பிளேடு ஓடுகிற இரண்டு சக்கரத்தின் மேலும் ரப்பர் பெல்ட் ஒன்று டயர் மாதிரி உட்கார்ந்திருக்கும். அது தேய்ந்தால் பிளேடு நழுவும். வேலூருக்குப் போய் லாங் பஜாரில் கைவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் இடி வாங்கிக்கொண்டு ஏழு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் தையல் மெஷினா என்றார். இன்னொருவர் ரைஸ்மில்லா என்றார். மெஷினின் போட்டோவைக் காட்டினால், அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, போர் போடுகிற வண்டியா என்றார். ஒன்றும் கிடைக்காமல் திரும்பிவந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நான் யார்? தோல்காரன். மூன்று மில்லி எருமைத் தோலில் நேர்த்தியாக ஒரு பட்டி வெட்டி, பசை போட்டுச் சக்கரத்தில் ஒட்டினேன். அளவு பிசகவே இல்லை. ஒன்றரை நாள் ராஜா மாதிரி ஓடியது.

இரண்டாம் நாள் மத்தியானம் தோல் ஊறி உப்பி, வழுக்கி, பிளேடைத் தள்ளிவிட்டது. பிளேடு சூடாகாமல் இருக்க அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். தண்ணீரில் தோல் ஊறும் என்பது ஆம்பூரில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷம் ஊறின தோலிலேயே நின்றவனுக்குத் தோன்றவில்லை. பின்னால் ஒருவன் நின்றிருந்தால் பசை போடும்போதே கேட்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை ரஃபியிடம் இதைச் சொல்லவேண்டி வந்தபோது, மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அது குமாருடைய யோசனை என்று சொல்லிவிட்டேன். ரஃபி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் லேசாக ஆடியது. இருமல் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு திரும்பிச் சொன்னான்: "குமாருக்கு மூளை கம்மி. ஆனா உன்ன விட்டுப் போவல பாரு, அது பெருசு."

அமிர்தி ரோட்டில்

இதை மகளிடம்கூட நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் எப்போதாவது இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்து பார்த்திருப்பீர்கள். அமிர்திக்குப் போகிற வழியில், ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ஒரு கொல்லையில் தேக்கு கிடந்தது. சொந்தக்காரர் காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு வேலூர் போய்விட்டார். சாய்த்து வைத்த இரண்டு கழிமேல் கட்டையை உருட்டி ஏற்றவேண்டும். கடப்பாரையால் நெம்பி, ஆப்பு வைத்து, திரும்ப நெம்பி. பாதி ஏறியபிறகு ஆப்பு தெறித்தது. கட்டை திரும்பி உருண்டுவந்து என் இடது காலைக் கழியோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றது. கீழே கிடந்த ஒரு கல்தான் எலும்பை உடையவிடாமல் தடுத்தது. காலை எடுக்கவும் முடியவில்லை, கட்டையைத் தள்ளவும் முடியவில்லை. போன் இன்ஜின் பக்கத்தில் பையில் இருந்தது. கை நீட்டினால் பைக்கும் விரலுக்கும் இடையில் ஒரு முழம்.

கத்தினேன். முதலில் "யாராவது இருக்கீங்களா" என்றுதான் கத்தினேன். குயில் கூவியது, அவ்வளவுதான். வலி ஏற ஏற, வாய் பழகின பெயரைப் பிடித்துக்கொண்டது. "குமாரு! குமாரு!" சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு மணி நேரத்தில் அவன் வருவான் என்றே நான் நினைத்தேன். பலகை அடுக்குக்குப் பின்னாலிருந்து, அகரம்சேரிக் குமார், கையைத் துடைத்துக்கொண்டு வருவான் என்று. வரவில்லை. அப்போதுதான் எனக்குத் தனியாக இருக்கிறோம் என்பது முழுசாக உறைத்தது. இங்கே எனக்கு என்ன ஆனாலும் சாயங்காலம்வரை ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. ரஃபி மட்டும், குமார் பார்த்துக்கொள்வான் என்று நிம்மதியாகப் படுத்திருப்பான். அதை நினைத்துத்தான் அழுதேன், காலுக்காக இல்லை.

கடைசியில் ஆடு மேய்க்கிற ஒரு அம்மா வேலியைத் தாண்டி வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் கடப்பாரையை எடுத்துக் கட்டைக்கு அடியில் கொடுத்து ஏறி நின்றார். கால் வெளியே வந்தது. வீங்கியிருந்தது, உடையவில்லை. தன் தூக்கில் இருந்த தண்ணீரைக் கொடுத்து, நான் குடித்து முடிக்கிறவரை நின்றார். ரொம்ப நேரமாகக் கத்தினேனே, காதில் விழவில்லையா என்று கேட்டேன். அந்தம்மா சங்கடப்பட்டார். "விழுந்துச்சுண்ணா, நான் அந்த வேலமரத்தாண்டதான் இருந்தேன். நீ குமாரத்தானே கூப்ட்ட, அவரு வந்துடுவாருன்னு இருந்துட்டேன்."

சொல்லாமல் வந்த ஆள்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் போக முடியவில்லை. ஜுரம் என்று போனில் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை, காலில் கட்டோடு கொட்டகையில் உட்கார்ந்து பிளேடுக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பாபி முதலில் இறங்கினார். பிறகு ஒரு கைத்தடி இறங்கியது. அதற்குப் பிறகு ரஃபி. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவன் தடியை நீட்டி உட்காரவைத்தான். ஏழு மாசத்தில் அவன் மெஷினைப் பார்ப்பது அதுதான் முதல் முறை. காலை இழுத்து இழுத்து அதைச் சுற்றிப் பின்பக்கம் போய் நின்றான். தண்டவாளத்தைத் தடவினான். பிறகு என் காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தான். "எங்கடா குமாரு?"

லீவு என்றேன். மாமியார் ஊருக்குப் போயிருக்கிறான் என்றேன். சின்னப் பெண்ணுக்குக் காது குத்து என்று ஆரம்பித்தபோது பாபி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். ரஃபி சிரிக்கவில்லை. "ஆறு மாசமா குமாரப் பத்திச் சொல்ற. சோறு எடுத்துனு வந்தான், பொண்ணு பாஸாயிட்டா, தோல ஒட்டினான், எல்லாம் சொன்ன. ஒருநாளாவது அவன் உன்ன திட்டினான்னு சொன்னியா? நூல் அளவுக்கு உயிர வாங்குற உன்கூட நின்னு வேல செய்றவன் எவன்டா திட்டாம இருப்பான்? மொத வாரமே தெரியும்டா எனக்கு."

தேக்குக் கட்டை காலில் உருண்டதைச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அரம் கையில் இருந்ததால் பிளேடையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் என்று தெரிந்தும் வாரா வாரம் ஏன்டா கேட்டாய் என்றேன். ரஃபி, பாபி கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், மெஷினுக்குப் பின்பக்கமே, மெதுவாக உட்கார்ந்தான். இனிமேல் கட்டை ஏற்றும்போது நிலத்துக்காரரிடம் இரண்டு ஆள் கேட்காமல் தொட்டால் இந்தத் தடியாலேயே போடுவேன் என்றான். அதற்குப் பிறகுதான் கேட்டதற்குப் பதில் சொன்னான்: "ஞாயித்துக்கெழம நீ வந்து சொல்லிட்டுப் போய்டுவ. மீதி ஆறு நாளும் அந்த ரூம்ல எனக்கும் அவன்தான்டா கூட இருந்தான்."

பேண்ட்சாவுக்கு இரண்டு ஆள் வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டு பேரும் தூக்கவேண்டும் என்று இல்லை. ஒருவன் தள்ள, இன்னொருவன் நாற்காலியில் உட்கார்ந்து நாள் பூராவும் திட்டிக்கொண்டிருந்தாலே பலகை நேராக வந்துவிடுகிறது.